நிஜாமுதீன் பஸ்தி

தென்னாட்டிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் தில்லிக்கு வரும் நேயர்கள், ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, ஊறுகாய் ஜாடி உடையாமல் வீடு சேரவேண்டுமே என்னும் கவலையுடன் விரைந்துவிடுவர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே சென்றோம். நிலையத்திற்குப் பெயர் தந்த ஞானியின் அடக்கத்தலமோ மதுரா சாலைக்கு அப்பால், நடந்தே செல்லத்தக்க தொலைவில் உள்ளது.

பதாயூனில் பிறந்த நிஜாமுதீன் அவுலியா, பாபா ஃபரீத் என்னும் சூஃபி பெரியவரிடம் சீடரானார். பின்னர்த் தில்லியின் சந்தடியை விட்டு விலகி, யமுனையை அடுத்த கியாஸ்பூர் என்னும் சிற்றூரில் தங்கினார். அரசவையை நாடாமல் வாழ்வதே அவர் நெறி. வந்த காணிக்கை வறியோர்க்கு உணவாயிற்று. 1325-இல் அவர் மறைந்தபின், அவர் அருகே அடங்குவதைப் பேறாகக் கருதியோர் பலர். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1681-இல் இங்கு அடக்கமானார். பளிங்கு வேலிக்குள் அவர் கல்லறையின் மேற்புறம் மண்ணும் பசும்புல்லுமே. அவ்வாறு வேண்டியவர் அவரே என்பர். சற்றுத் தொலைவில் 1869-இல் மறைந்த கவிஞர் காலிப். பஸ்தி என்பதைக் ‘குடியிருப்பு’ என்று நாம் மொழிபெயர்ப்பது வழக்கம். கல்லறைகளுக்கு இடையே வீடுகளும், ரொட்டிக் கடைகளும், மலர்க் கூடைகளும் நெருங்கிய இச்சந்துகளுக்கு அச்சொல் சற்றுக் குறைவாகவே படுகிறது.

அமீர் குஸ்ரோவும் இங்கேயே உள்ளார். குரு மறைந்த அதே ஆண்டில் மறைந்தவர். 1318-இல் இயற்றிய நூலில் இந்நாட்டு மொழிகளை வரிசைப்படுத்துகையில், மஅபர் நாட்டு மொழியையும், அதாவது நம் தமிழையும், அவர் குறித்துள்ளார். மாலிக் காபூரின் தென்னாட்டுப் படையெடுப்பைப் புகழ்ந்து எழுதிய அரசவைக் கவிஞரும் இவரே. அப்படையெடுப்பால் நம் திருக்கோயில்கள் அடைந்த இழப்பை மறந்து இவர் கல்லறைமுன் நிற்க நம்மால் இயலவில்லை. நில்லாமல் திரும்பவும் மனம் வரவில்லை.

அடக்கத்தலத்தை ஒட்டியுள்ள படிக்கிணற்றை பாவ்லி என்பர். நம் ‘வாவி’யும் இச்சொல்லும் ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்தவை. கியாஸுதீன் துக்ளக் தம் கோட்டைக்காகக் கூலியாட்கள் அனைவரையும் அழைத்துக்கொள்ள, அவர்கள் இரவில் விளக்கேற்றி ஞானியின் கிணற்றைத் தோண்டினராம். சுல்தான் எண்ணெய் விற்பனையைத் தடுக்க, கிணற்று நீரே விளக்கில் எரிந்ததாம். கதை எவ்வாறாயினும், துக்ளகாபாத் கோட்டை இன்று பாழ். கிணற்றில் நீர் ஊறுகிறது.

அக்கிணற்றுக்கும் இடர் வந்தது. 2008-இல் அதன் சுவரின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. மேலே வீடு கட்டி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அகற்றாமல் பழுது பார்த்தல் அரிது. அகற்றினால் அவர்கள் எங்கே செல்வர்? தொல்லியல் துறையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் ஈடுபட்ட அப்பணியில், அவர்களுக்கு மாற்றிடம் தந்த பின்னரே சுவர் செப்பனிடப்பட்டது. நூற்றாண்டுகளாகப் படிந்த சேறும் வாரப்பட்டது. கற்களைக் காக்கும் ஆர்வத்தில் மனிதரை மறவாமை நமக்கு அதனினும் பெரிய செய்தியாகப் பட்டது.

வியாழன் மாலைகளில் முற்றத்தில் கவ்வாலி இசை நிகழும். வசந்த பஞ்சமியை ஒட்டி மஞ்சள் மலர்களுடன் விழா உண்டு. காலணியை வெளியே விட்டு, தலையைத் துணியால் மூடிச் செல்லுதல் முறை. மகளிர் முற்றத்தில் அமர்ந்து இசை கேட்கலாம். அடக்க அறைக்குள் அவர்கள் நுழைவதில்லை. உடன் வரும் தாய்மார்களுக்கு இதை முன்னரே கூறிவிடுதல் நன்று.