அம்மாவோடு இருத்தல் – 6: கட்டிலுக்கு அடியில்

அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். விழித்திருந்து என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. பால் கவர்களைக் கழுவுகிறாள். கழுவிச் சமையலறை ஜன்னலில் காயப்போட்டு, ஐம்பது சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் மாட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். அங்கே ஏற்கெனவே ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள், முப்பது வருடத்து மின்சார அட்டைகள், பிளேடு உடைந்த மிக்ஸி ஜார் எல்லாம் இருக்கின்றன. அவளுக்கு வயது எண்பத்தொன்று.

மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். அம்மா நான்கு நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம், பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு அறையைக் காலி செய்தேன். அதில் தொடர்கதைக் கட்டுகளும் போய்விட்டன. வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்து எடுத்து, அப்பா கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தவை. திரும்பி வந்த அம்மா சத்தம் போடவில்லை. “எடைக்குப் போட்டுட்டியா?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு எங்கே வெளியூர் கிளம்பினாலும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சேர்ப்பதும் அதிகமாயிற்று. இன்று வரை அதற்காக வருந்துகிறேன்.

இது நோயா என்று மருத்துவரிடம் கேட்டேன். பொருளைப் பிரிய முடியாத இந்தத் தவிப்பு நெடுங்காலம் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் தங்கள் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். அடுப்படியில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா? முடிகிறது என்றேன். இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததா என்று விசாரித்தார். முதுமையில் புதிதாக ஆரம்பித்தால் மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

பஞ்சம் பார்த்தவர்கள் அப்படித்தான் என்பார்கள். அம்மா குடித்தனம் ஆரம்பித்தது அரிசிக்கு அல்லாடிய காலத்தில்; ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலையே திருப்பிப் போட்ட காலம் அது. ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் எதையும் யாரும் எறிந்ததில்லை, எதுவும் தேங்கியதும் இல்லை. நைந்த புடவை தூளியாகும். தூளி கிழிந்தால் கரித்துணி. கழுநீர் மாட்டுக்குப் போகும். கொலுவுக்கு வந்த ரவிக்கைத் துணி அடுத்த வீட்டுக்குப் போகும். மிச்சத்தை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கத் தெருவில் ஆள் வருவார். ஒவ்வொரு பொருளுக்கும் வாசலைத் தாண்டிப் போக ஒரு வழி இருந்தது. இன்று மாடு இல்லை, தூளி கட்டக் குழந்தை இல்லை, பேரன்கள் வெளிநாட்டில். வழியெல்லாம் அடைபட்டபின் பொருள் கட்டிலுக்கு அடியில்தானே சேரும்?

இது புரிந்தபின் என் கேள்வியை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். “தூக்கிப் போடலாமா?” என்று கேட்பதில்லை. “இது யாருக்கும்மா ஆகும்?” என்கிறேன். தாம்பூலப் பைகள் கீரைக்கார அம்மாவுக்குப் போயின. பாட்டில்களைக் கீழ் வீட்டுப் பெண் ஊறுகாய் போட வாங்கிக்கொண்டாள். பால் கவர்களை அம்மா கண் முன்னாலேயே எடை போடச் சொல்லி, காசை அவள் கையிலேயே கொடுக்க வைத்தேன். எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் தரையில் ஒரு பொருளும் கூடாது. இந்த வயதில் கால் தடுக்கினால் இடுப்பு எலும்பு தாங்காது. அதற்கு அவளும் சம்மதித்தாள்.

போன ஞாயிறு மிக்ஸி ஜாரின் முறை. யார் யாரையோ யோசித்தாள். பிளேடைச் சுற்றிப் பார்த்தாள், சுற்றவில்லை. “இதை யாரும் வாங்கிக்க மாட்டாங்க, இல்ல?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி, வழியில் இடறாமல், சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

(தொடரும்)