பெயருக்கு முன்னால் ஒரு வால்

நம் தீவுத் தலைநகரில், 2024 வரை போர்ட் பிளேயர் என்றும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் ஊரில், டாக்டர் திவான் சிங் பெயரில் ஒரு குருத்வாரா இருக்கிறது. 1927-ல் இங்கு மாற்றலாகி வந்த மருத்துவர் அவர். பஞ்சாபிக் கவிஞரும் கூட. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது செல்லுலார் சிறையில் அடைபட்டு, சித்திரவதைக்கு ஆளாகி, 1944 ஜனவரி 14 அன்று உயிர் நீத்தார். தம் பெயரோடு அவர் சேர்த்துக்கொண்ட ஒரே அடைமொழி 'காலாபாணி'. நாடு கடத்தப்பட்டவர்களின் தீவுக்கு மக்கள் வைத்த பெயரையே தமக்கும் வைத்துக்கொண்டார்.

இன்றைய நிலை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்கு வர இசைந்த மருத்துவர் ஒருவர், தம் பெயருக்கு முன் மூன்று பட்டங்களையும் பின் ஒரு விருதையும் அச்சிட வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அவர் படித்து வாங்கிய பட்டம் அந்தப் பட்டியலில் கடைசியில் இருந்தது. மற்றவை பொன்னாடையோடு வந்தவை. அழைப்பிதழில் இடம் போதவில்லை. விழா நடக்கும் மண்டபத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போட்டோம்!

ராவ் பகதூர், திவான் பகதூர் காலம் போய்விட்டது என்றுதான் நம் அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. இராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது. அப்படியானால் பத்ம விருதுகள்? அவை பட்டங்கள் அல்ல, விருதுகளே; பெயருக்கு முன்னோ பின்னோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் உயர்ந்த விருதுக்கே இந்தக் கட்டுப்பாடு. மருத்துவர்களுக்கென இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த நெறிமுறைகளும், அங்கீகாரம் பெற்ற மருத்துவப் பட்டங்களையும் தொழில் தகுதியைக் காட்டும் சிறப்புகளையும் மட்டுமே பெயருக்குப் பின் எழுத அனுமதித்தன. இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் தேர்வில் தேறியதும் 'டாக்டரை' விட்டுவிட்டு 'மிஸ்டர்' என்று அழைக்கப்படுவதையே பெருமையாகக் கருதுகிறார்கள்.

ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டுமே, நமக்கென்ன என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. டிக்லிபூரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் பேருந்தில் வருபவரையும், ஹட்பேயிலிருந்து கப்பலேறி வருபவரையும் நினைத்துப் பாருங்கள். இதயத்துக்கு யாரிடம் போவது, குழந்தைக்கு யாரிடம் போவது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பலகை முழுவதும் 'செம்மல்', 'திலகம்', 'மாமணி' என்றிருந்தால், அவர் எதில் தேர்ந்தவர் என்பதை எங்கே தேடுவது? மேல்சிகிச்சைக்குச் சென்னைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கும் இதே திண்டாட்டம்தான். வைத்த நகையை மீட்க வழியில்லாமல் திரும்பி வந்தவர்களை நானறிவேன்.

இதே தீவுகளில்தான் டாக்டர் ரத்தன் சந்திர கர் பணியாற்றினார். 1999-ல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது அவர்களிடமே சென்று வைத்தியம் பார்த்தவர். வெளியாரை அண்டவிடாமல் வாழ்ந்த மக்கள் அவர்கள். முதலில் அவர்களுடைய நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்தது. அதற்கு எந்தப் பட்டமும் உதவியிருக்காது. பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது 2023-ல், ஓய்வு பெற்ற பிறகு. லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கி மக்களுக்குச் சேவை செய்த செவிலியர் சாந்தி தெரசா லக்ரா, 2004 சுனாமிக்குப் பின்னும் அவர்களைவிட்டு அகலவில்லை. 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார். டாக்டர் என்ற எழுத்துகூட அவர் பெயருக்கு முன் கிடையாது.

வரும் பொங்கல் விழா அழைப்பிதழில் மருத்துவர்களுக்குப் பெயர், படிப்பு, பணிபுரியும் இடம் ஆகிய மூன்றும் போதும் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவ அன்பர்கள் இருவர் உடனே சம்மதித்துவிட்டனர். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.