ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள்: புதியவர் கைக்கு ஏற்றதா?

எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். பிள்ளை பி2 உரிமம் எடுத்துவிட்டான். கல்லூரிக்கோ வேலைக்கோ போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும். அப்பா கப்சாய் போதும் என்கிறார். பிள்ளையின் கைப்பேசித் திரையிலோ, பந்தய வண்டி போல முன்னால் குனிந்து நிற்கும் ஸ்போர்ட் பைக் ஒன்றின் படம் இருக்கிறது. "இதுவும் 250 சிசிதான், என் உரிமத்துக்கு ஓட்டலாம்" என்கிறான். அவன் சொல்வது சட்டப்படி சரி. பி2 உரிமம் 250 சிசி வரை அனுமதிக்கிறது.

ஆனால் சட்டம் பார்ப்பது சிசியை மட்டும்தான். இயற்பியல் வேறு பலவற்றையும் பார்க்கிறது. மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் உயிரிழப்பவர்களில் 10 பேருக்கு 6 பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதால், இந்தக் கேள்வியை ஆசை, பயம் என்று மட்டும் பேசி முடித்துவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிசி ஒன்று, சக்தி வேறு

சிசி என்பது எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இடத்தின் கொள்ளளவு. அது சக்தியின் அளவு அல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். யமாஹா எஃப்இசட்25, யமாஹா ஆர்25 இரண்டும் 249 சிசி. முதலாவதன் சக்தி சுமார் 15 கிலோவாட். இரண்டாவது ஸ்போர்ட் வகை. அதன் சக்தி சுமார் 26 கிலோவாட். கொள்ளளவு ஒன்றுதான், சக்தியோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. கவாசாகி நிஞ்சா இசட்எக்ஸ்-25ஆர் அதே கொள்ளளவை நான்கு உருளைகளாகப் பிரித்துக்கொண்டு, சுமார் 37 கிலோவாட் வரை தருகிறது. மூன்றுக்கும் ஒரே உரிமம் போதும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதை வேறு விதமாக அளக்கிறது. புதிதாக ஓட்டுபவர்களுக்கு அங்கே இரண்டு வரம்புகள். எஞ்சின் 660 சிசியைத் தாண்டக்கூடாது. சக்தி, ஒரு டன் எடைக்கு 150 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. எடையைக் கணக்கிடும்போது வண்டியோடு 90 கிலோ எடையுள்ள ஓட்டுநரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த அளவுகோலை நமக்குப் பழக்கமான வண்டிகளுக்குப் பொருத்திப் பார்த்தேன். யமாஹா ஒய்15இசட்ஆர் கப்சாய்க்கு டன்னுக்குச் சுமார் 55 கிலோவாட் வருகிறது. எஃப்இசட்25க்கு 63, ஆர்25க்கு 103, இசட்எக்ஸ்-25ஆருக்கு 136. 998 சிசி கொண்ட யமாஹா ஆர்1க்கு 500ஐத் தாண்டுகிறது!

ஆக, 'ஸ்போர்ட் பைக்' என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட வண்டிகள் இருக்கின்றன. 600 சிசி, 1000 சிசி வண்டிகள் பந்தயத் திடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆர்1 முதல் கியரிலேயே நமது நெடுஞ்சாலை வேக வரம்பான மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இத்தகைய 'சூப்பர்ஸ்போர்ட்' வண்டிகளை ஓட்டுபவர்களின் இறப்பு விகிதம் மற்ற வகைகளை ஓட்டுபவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு என்று அது கண்டது. அந்தப் பெரிய வண்டிகள் புதியவருக்கு ஏற்றவை அல்ல. அதில் விவாதத்துக்கு இடமில்லை. உண்மையான கேள்வி 150 முதல் 250 சிசி வரையிலான சிறிய ஸ்போர்ட் வண்டிகளைப் பற்றியது.

சக்தி எப்போது வருகிறது?

ஒய்15இசட்ஆர் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 58.7 மில்லிமீட்டர். ஆர்25இல் அது 44.1 மில்லிமீட்டர்தான். ஓட வேண்டிய தூரம் குறைவு என்பதால் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் அதிக முறை ஓடலாம். ஸ்போர்ட் எஞ்சின் அதிக சக்தி தருவதன் இரகசியம் இதுதான். சுழலும் விசையை, அதாவது முறுக்குவிசையைப் பெரிதாகக் கூட்டாமல், சுழற்சி வேகத்தைக் கூட்டிச் சக்தியைப் பெறுகிறது.

இதன் விளைவு ஓட்டுபவரின் கையில் தெரியும். எஃப்இசட்25 தன் உச்ச முறுக்குவிசையை நிமிடத்துக்கு 6,000 சுற்றில் தந்துவிடும். ஆர்25 அதை 10,000 சுற்றில்தான் தரும். சமிக்ஞை விளக்கில் நின்று கிளம்பும்போது ஸ்போர்ட் வண்டி சோம்பலாக இருப்பதாகத் தோன்றும். கிளட்சைச் சற்று வேகமாக விட்டால் எஞ்சின் நின்றுவிடும். உடனே புதியவர் ஆக்சிலரேட்டரை இன்னும் திருகுவார். சுழற்சி ஏறியதும் வண்டி திடீரென இழுக்கும். கப்சாய் கொடுக்கும் சீரான இழுவையில் பழகிய கைக்கு இந்த மாற்றம் புதிது.

குனிந்து உட்காருவதன் விலை

ஸ்போர்ட் வண்டியின் ஹேண்டில் தாழ்வாக இருக்கும். கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி இருக்கும். காற்றின் தடையைக் குறைக்கவும், உடலின் எடையை முன்சக்கரத்தின் பக்கம் கொண்டுவரவும் இந்த அமைப்பு. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கும். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நத்தைபோல ஊரும்போது தாங்குவதற்குக் காற்று ஏது? உடலின் எடை மணிக்கட்டில் இறங்கும்.

பழகியவர்கள் தொடைகளால் பெட்ரோல் டாங்கியை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடலைத் தாங்கிக் கைகளைத் தளர்வாக வைத்திருப்பார்கள். புதியவர் ஹேண்டிலின்மீது சாய்ந்துகொள்வார். அப்போது சாலையில் ஒரு குழியில் இறங்கினால், உடல் அசையும். அதோடு ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் கையும் அசையும். வண்டி முன்னால் பாயும். பாய்ச்சலில் உடல் பின்னால் போகும். பின்னால் போகும் உடல் கையை மேலும் திருகும். விளைவே காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழல் ஓரிரு வினாடிகளில் முடிந்துவிடும். டன்னுக்கு 55 கிலோவாட் வண்டியில் இது ஒரு அதிர்ச்சி. டன்னுக்கு 500 கிலோவாட் வண்டியில் இது ஒரு விபத்து.

ஹேண்டில் திரும்பும் அளவும் ஸ்போர்ட் வண்டியில் குறைவு. தாமான் சந்துகளில் யூ-டர்ன் எடுக்கும்போது கப்சாய் சுலபமாக வளையும் இடத்தில், சுமார் 170 கிலோ எடையுள்ள ஸ்போர்ட் வண்டியைக் காலால் தாங்கித் தள்ள வேண்டியிருக்கும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவதில் பெரும்பகுதி இப்படி நடைவேகத்தில்தான்.

பிரேக் பிடிக்கும் பழக்கம்

பிரேக் பிடித்ததும் உடல் முன்னால் சாய்வதை எல்லாரும் உணர்ந்திருப்போம். வண்டியின் எடையும் அப்படித்தான் முன்சக்கரத்துக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், இரு சக்கரங்களுக்கும் இடையே 1.38 மீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பலமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில் மொத்த எடையில் சுமார் 85 விழுக்காடு முன்சக்கரத்தில் இருக்கும். பின்சக்கரத்தில் எஞ்சுவது 15 விழுக்காடு. உராய்வு எடையைப் பொறுத்தது. ஆகவே பின்பிரேக்கால் மட்டும் வண்டியை விரைவாக நிறுத்த முடியாது.

ஆனால் நம் இளைஞர்களில் பலர் கப்சாயில் பின்பிரேக்கை மிதித்தே பழகியவர்கள். ஸ்போர்ட் வண்டியின் முன்பிரேக்கோ இரண்டு விரல்களுக்கே வேலை செய்யும் அளவுக்கு வலுவானது. பதற்றத்தில் அதை ஒரேயடியாக இறுக்கினால், எடை முன்னால் மாறுவதற்கு முன்பே சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏபிஎஸ் இதைத் தடுக்கிறது. ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் உயிர்ச்சேத விபத்து விகிதம் 22 விழுக்காடு குறைவு என்று அதே அமெரிக்கக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. வண்ணம், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

வேகத்தையும் மறக்கக்கூடாது. நல்ல பிரேக், உலர்ந்த சாலை, ஒரு வினாடியில் செயல்படும் ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நிற்க சுமார் 37 மீட்டர் வேண்டும். 120 கிலோமீட்டரில் சுமார் 113 மீட்டர். வேகம் இரு மடங்கு, தூரம் மும்மடங்கு.

வளைவு சொல்லும் உண்மை

வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வண்டியின் விலையோ எடையோ தீர்மானிப்பதில்லை. வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. உலு யாம், கெந்திங் செம்பா போன்ற மலைப்பாதைகளில் காணக்கூடிய 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் சுமார் 23 பாகை சாய்ந்தால் போதும். 50இல் 33 பாகை. 60இல் 43 பாகை. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் சாய்வு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது.

உராய்வுக் கணக்கு இன்னும் கடுமையானது. இதே வளைவை 50 கிலோமீட்டரில் கடக்க, டயருக்கும் சாலைக்கும் இடையே சுமார் 0.66 உராய்வுக் குணகம் தேவை. உலர்ந்த தார்ச்சாலை இதைத் தரும். மாலை மழையில் நனைந்த சாலையில் அது 0.5 அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் வழுக்கும்.

இன்னொன்று. இடப்பக்கம் திரும்ப, ஓடும் வண்டியின் ஹேண்டிலை ஒரு கணம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் வண்டி இடப்பக்கம் சாயும். விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட், மிதிவண்டியில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நாம் எல்லாரும் அறியாமலேயே இதைச் செய்கிறோம். வளைவில் வேகம் அதிகமாகிவிட்டது என்று பயந்ததும் கை விறைக்கிறது, இந்த அசைவு நின்றுவிடுகிறது, வண்டி நேராகச் சாலையை விட்டு வெளியே போகிறது. ஸ்போர்ட் வண்டி இன்னும் சாயக்கூடியதுதான். சாயாமல் போனது ஓட்டியவரின் கை.

"நான் மூன்று வருடம் கப்சாய் ஓட்டியவன்"

இப்படிச் சொல்பவர்கள் தம்மைப் புதியவர் என்று நினைப்பதில்லை. 1981இல் வெளியான ஓர் ஆய்வை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தனர். விபத்துக்குள்ளானவர்களின் சாலை அனுபவம் சராசரியாக ஏறக்குறைய 3 ஆண்டுகள். ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், விபத்துக்குள்ளான அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதங்கள்கூட ஆகவில்லை.

சாலையைப் பற்றிய அறிவு ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு நம்மோடு வரும். சந்திப்பில் எந்தக் கார் குறுக்கே வரும், எங்கே எண்ணெய் சிந்தியிருக்கும் என்பதெல்லாம் மறக்காது. கையும் காலும் பழகிய அளவுகள் அப்படி வருவதில்லை. எவ்வளவு திருகினால் எவ்வளவு பாயும், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நிற்கும் என்பதை ஒவ்வொரு வண்டியிலும் புதிதாகக் கற்க வேண்டும். புதிய வண்டியில் ஏறும் எவரும் அந்த வண்டிக்குப் புதியவர்தான்.

சிங்கப்பூர் இதை விதியாகவே வைத்திருக்கிறது. அங்கே 2பி உரிமத்தில் 200 சிசி வரைதான். குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் 400 சிசி வரையிலான 2ஏ. அதன்பின் மேலும் ஓராண்டு காத்திருந்தால்தான் அதற்கும் பெரிய வண்டி.

அப்படியானால் வாங்கலாமா?

முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கு என் பதில்: இப்போது வேண்டாம். கிளட்ச் உள்ள 150 சிசி வண்டியோ, நிமிர்ந்து உட்காரும் 250 சிசி வண்டியோ போதும். தவறுகள் செய்யத்தான் செய்வோம். அவற்றைச் சிறியதாகவே முடித்துவிடும் வண்டிதான் கற்பவருக்கு வேண்டும்.

ஓராண்டாவது கியர் வண்டி ஓட்டி, முன்பிரேக்கைப் பயன்படுத்தப் பழகியவர், ஏபிஎஸ் உள்ள 150 முதல் 250 சிசி ஸ்போர்ட் வண்டிக்குப் போகலாம். கடையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். இரு பாதங்களும் தரையில் உறுதியாகப் பதிய வேண்டும். முழங்கையை மடக்கிக் கையைத் தளர்த்த முடிய வேண்டும்.

வாங்கியபின் முதல் வேலை மலைப்பாதைக்குப் போவது அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில், அனுமதி பெற்று, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன்பிரேக்கை மெதுவாகத் தொட்டு, பிறகு அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். 20 முறை, 50 முறை செய்யுங்கள். கிளட்சை மெல்ல விட்டு நடைவேகத்தில் எட்டு போடுங்கள். தலைக்கவசம், கையுறை, காலணி எல்லாம் அணிந்தே செய்யுங்கள். இதையெல்லாம் 5 மாதம் செய்ய முடியாது என்பவர், அந்த வண்டியை வாங்குவதை 5 மாதம் தள்ளிப்போடுவது நல்லது.