வேலைக்கு நடுவே ஒரு வெளிநாட்டு முதுகலை: தகுதி யாருக்கு?

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் தப்பாமல் வரும். "ஊருக்கு எப்போ போறீங்க?" என்பது ஒன்று. "பையன் அடுத்து என்ன படிக்கிறான்?" என்பது மற்றொன்று. சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "பொண்ணு ஆறு வருஷமா வேலை பார்க்கிறா சார். இனிமே வெளிநாட்டுல எம்.ஏ. படிக்க ஸ்காலர்ஷிப் கொடுப்பாங்களா? வயசாயிடுச்சே!"

கொடுப்பார்கள். அந்த ஆறு வருட வேலைதான் அவளுடைய முதல் தகுதியே. கல்லூரியை முடித்த கையோடு விண்ணப்பிக்கும் உதவித்தொகைகள் வேறு. வேலையில் சில ஆண்டு கழித்தவர்களுக்கென்றே உள்ள ஃபெலோஷிப்புகள் வேறு. இரண்டாவது வகையில் மதிப்பெண் பட்டியலை விட, இதுவரை என்ன வேலை செய்தாய், படித்துவிட்டு வந்து என்ன செய்யப்போகிறாய் என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு தவறு செய்தவன் என்ற யோக்கியதைதான். என் தங்கை மகள் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிராமக் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவள். ஜப்பான் அரசின் நிதியில் உலக வங்கி நடத்தும் கூட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தாள். வளரும் நாடுகளின் பணியாளர்களுக்காக 1987-இல் தொடங்கிய திட்டம் அது. "வேலையையும் பார்த்துக்கிட்டு இதையும் எப்படி மாமா எழுதறது?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷனாக, "ராஜினாமா பண்ணிடும்மா, நிம்மதியா உட்கார்ந்து எழுது" என்றேன். அவளும் விட்டாள். கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது விதிகளைப் பொறுமையாக வாசித்தோம். பட்டம் வாங்கி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், சரி. கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டாவது வளர்ச்சிப் பணியில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும், அதுவும் சரி. அடுத்த வரி: விண்ணப்பத்தின் கடைசி நாளன்று முழுநேர, சம்பள வேலையில் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இந்த விதிகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு நம்மை அளக்கிறது.

பிரிட்டனின் செவனிங் மணிக் கணக்கு பார்க்கிறது. 1983-இல் தொடங்கி 1994-இல் இந்தப் பெயர் பெற்ற திட்டம் இது. கென்ட் பகுதியில் உள்ள ஒரு மாளிகையின் பெயர் அது. இரண்டு ஆண்டு அனுபவம் என்றால் 2,800 மணி நேரம். வாரத்துக்கு 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 1,400 வரும். மணியாக எண்ணுவதால் பகுதி நேர வேலைக்கும் வழி உண்டு. குழந்தை பிறந்து அரை நாள் வேலைக்குப் போன பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. மூன்று படிப்புகளைத் தேர்ந்து, குறைந்தது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையில்லாத அனுமதியை வாங்கிவிட வேண்டும்.

ஜெர்மனியின் டாட் அமைப்பு வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது! இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் கடைசிப் பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பத்து வருட சர்வீஸ் என்று பெருமையாகப் போய் நின்றால் இங்கே அதுவே குறையாகிவிடும்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெலோஷிப்பில். இந்திய-அமெரிக்க ஒப்பந்தம் 1950-இல் கையெழுத்தானது. இரு அரசுகளும் சமமாகச் செலவைப் பகிர்வது என்று 2008-இல் புது ஒப்பந்தம் வந்த பிறகு நேருவின் பெயரும் சேர்ந்தது. படிக்க விரும்பும் துறையில் மூன்று ஆண்டு முழுநேரச் சம்பள அனுபவமும், 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். சிக்கல் பட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு. நம் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. பெரும்பாலும் மூன்று ஆண்டுதான். ஆகவே பி.இ. படித்தவர் நேராக உள்ளே போகலாம், பி.காம். படித்தவர் அதற்கு மேல் ஒரு முதுகலையோ, முழுநேர முதுநிலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். 'முழுநேர' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் வாங்கிய டிப்ளமோவை நம்பி இருக்காதீர்கள். ஏற்கெனவே அமெரிக்கப் பட்டம் பெற்றவருக்கும், அங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இடமில்லை. வேலையில் இருப்பவர் முதலாளியின் ஒப்புதலையும், படிப்புக் காலத்துக்கு விடுப்பு தருவதான உறுதியையும் பெற வேண்டும். அரசு வேலையில் இருப்பவர்கள் இந்தக் காகிதத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டி வரலாம். முதலில் இதைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பெற்றோர்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பது இன்னொன்று: "அப்படியே அங்கேயே செட்டில் ஆயிடலாமா?" ஆக முடியாது. ஃபுல்பிரைட்டில் போகிறவருக்கு ஜே-1 விசா. அதன்படி, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் எச்-1பி வேலை விசாவோ, கிரீன் கார்டோ கேட்க முடியும். செவனிங்கிலும் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குடியேறுவதுதான் நோக்கம் என்றால் கடன் வாங்கிப் படிப்பதே நேர்மை. அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை கொடுத்து வருகிறது. குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் படிக்கப் போனது அந்த உதவியில்தான்.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயரின் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். கல்லூரிப் பட்டத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம். ஆந்திராவிலும் கேரளத்திலும்கூட இந்த இனிஷியல் சமாசாரம் புரியும். லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை மூன்று ஆட்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மூன்றும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, ஒவ்வொரு வேலையை விடும்போதும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் போட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூடிப்போன நிறுவனத்திடம் பிறகு யார் போய்க் கேட்பது?

செவனிங்குக்கும் ஃபுல்பிரைட்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடலாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், நான் இங்கே எழுதியதை மட்டும் நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பையும் வரி விடாமல் வாசியுங்கள்.

என் தங்கை மகள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. வேறொரு நிறுவனத்தில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில், அதே குடிநீர் வேலையில் சேர்ந்தாள். இந்த முறை பல்கலைக்கழக அனுமதி வந்திருக்கிறது. உதவித்தொகையின் முடிவு வரவில்லை. போன வாரம் போனில் கேட்டேன். "லீவ் போட்டிருக்கேன் மாமா, ராஜினாமா இல்ல" என்றாள்.