ஐம்பது டாலர் கேள்வி

2010 நவம்பர் 29, திங்கட்கிழமை இரவு. நியூயார்க்கின் 92-வது தெருவில் இருக்கும் 'ஒய்' பண்பாட்டு மையத்தின் அரங்கம் நிறைந்திருந்தது. டிக்கெட் 50 டாலர். மேடையில் இரண்டே பேர். ஒருவர் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். மற்றவர் டெபோரா சாலமன். ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் பேட்டிப் பத்தி நடத்தி வந்தவர். மார்ட்டின் எழுதிய 'ஆன் ஆப்ஜெக்ட் ஆஃப் பியூட்டி' நாவல் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. கதை நடப்பது நியூயார்க்கின் ஓவியச் சந்தையில். மார்ட்டினும் பல ஆண்டுகளாக ஓவியம் வாங்கிச் சேர்ப்பவர். எனவே இருவரும் ஓவியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் வந்தது அதற்காக அல்ல. அரங்கில் இருந்தவர்கள் ஒருபுறம் நெளிய, வேறு ஊர்களில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மின்னஞ்சலில் புகார் அனுப்பத் தொடங்கினார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மையத்தின் ஊழியர் ஒருவர் வந்து சாலமனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். மார்ட்டினின் திரைவாழ்க்கையைப் பற்றியும் கேளுங்கள் என்பது செய்தி. விஷயம் தெரிந்ததும் கைதட்டல் எழுந்தது. மறுநாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் மையத்திலிருந்து மின்னஞ்சல் போனது: நேற்றைய நிகழ்ச்சி எங்கள் தரத்துக்கு இல்லை, 50 டாலர் மதிப்புக்குச் சீட்டு தருகிறோம், வேறு நிகழ்ச்சிக்கு வாருங்கள்.

மார்ட்டின் பதிலுக்கு ட்விட்டரில் குத்தலாக ஒரு வரி போட்டார். சில நாட்களில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையும் எழுதினார். யாரோ தனக்காகப் பொறுக்கிக் கொடுத்த பழகிய கேள்விகளோடு ஒப்பேற்றுவதைவிட, ஓவியத்தைப் பேசி மேடையில் மண்ணைக் கவ்வியிருந்தாலும் தேவலை என்பது அவர் கட்சி.

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது என்று நழுவலாம்தான். ஆனால் நாவல் எழுதியவரை நாவலைப் பற்றிப் பேச அழைத்துவிட்டு, நாவலைப் பற்றிப் பேசியதற்காகப் பணத்துக்கு ஈடாகச் சீட்டு கொடுத்த அமைப்பாளர்கள்தான் அன்று தவறினார்கள் என்றே தோன்றுகிறது. டிக்கெட் விற்றது நடிகரின் பெயர். மேடைக்கு வந்ததோ எழுத்தாளர். அந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் மேடையில் இருந்த இருவரும் அல்ல.

பத்திரிகையாளர் ஒருவரும் கலைஞர் ஒருவரும் நாற்காலி போட்டு அமர்ந்து ஊரறியப் பேசுவது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. ஒரு மணி நேரம் உரையாடல், பிறகு பார்வையாளர் கேள்விகள், கடைசியில் புத்தகத்தில் கையெழுத்து. பார்க்க எளிது. ஆனால் அச்சில் வரும் பேட்டிக்கும் இதற்கும் பெரிய தூரம். அச்சுப் பேட்டியில் மூன்று மணி நேரம் பேசியதை மூன்று பக்கமாகச் சுருக்கலாம். பாதியில் வந்த நல்ல பதிலை முதலில் போடலாம். கேள்வியையே பின்னால் செதுக்கிக்கொள்ளலாம். எந்த அளவுக்குச் செதுக்கலாம் என்பது வேறு சண்டை. சாலமனின் பத்தியிலேயே, தாங்கள் சொன்னது கேட்கப்படாத கேள்விக்குப் பதிலாக வந்துவிட்டது என்று சிலர் புகார் சொல்ல, 2007-ல் நியூயார்க் டைம்ஸின் வாசகர் சார்பு ஆசிரியர் அதை விசாரித்து எழுத வேண்டியிருந்தது. மேடையில் கத்தரிக்கோல் கிடையாது. சறுக்கிய கேள்வி சறுக்கியதுதான்.

மேடையில் பேச்சாளரைப் பார்க்கக் காசு கொடுக்கும் பழக்கம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அப்போது ஒருவர் மட்டுமே பேசுவார். சார்லஸ் டிக்கன்ஸ் 1867-68-ல் கப்பலேறி வந்து ஊர் ஊராகத் தன் கதைகளை வாசித்துப் பெரும்பணம் பார்த்தார். 1882-ல் ஆஸ்கார் வைல்ட் அழகியல் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டே நாட்டைச் சுற்றினார். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், ஏரிக்கரையில் இருக்கும் சட்டாக்குவா என்ற கோடைக்கால அறிவுக்கூடம் தொடங்கியது 1874-ல். யூத இளைஞர் சங்கமாக 'ஒய்' தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

சொற்பொழிவு எப்படி உரையாடல் ஆனது என்பதற்கு ஒரு காரணம் வானொலியும் தொலைக்காட்சியும். வீட்டிலிருந்தபடியே பேட்டிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தாளைப் பார்த்து வாசிக்கும் பிரமுகர் சலித்துப்போனார். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. எல்லாக் கலைஞருக்கும் ஒரு மணி நேரம் தனியாகப் பேச வராது; கேள்வி கேட்க ஆள் இருந்தால் வரும். 1980-ல் சிட்னி கோல்ட்ஸ்டைன் என்ற பெண்மணி சான்ஃபிரான்சிஸ்கோவில் 'சிட்டி ஆர்ட்ஸ் அண்ட் லெக்சர்ஸ்' என்ற தொடரைத் தொடங்கினார். பெயரில் சொற்பொழிவு இருந்தாலும் அதன் உயிர் உரையாடல்தான். அதன் அரங்கத்துக்கு இன்று அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

பத்திரிகைகள் இந்தத் தொழிலில் இறங்கியதற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டும் அல்ல. விளம்பர வருமானம் வற்றத் தொடங்கியதும் டிக்கெட்டும் புரவலர் பணமும் கண்ணில் பட்டன. நியூயார்க் டைம்ஸ் 'டைம்ஸ்டாக்ஸ்' என்ற பெயரில் இப்படிப்பட்ட மாலைகளை நடத்தியது. ரென்சோ பியானோ வடிவமைத்த அதன் புதிய தலைமையகம் 2007-ல் திறக்கப்பட்டபோது, கட்டடத்துக்குள்ளேயே 378 இருக்கைகளோடு ஓர் அரங்கமும் இருந்தது. நியூயார்க்கர் வார இதழ் 2000-ல் தனக்கென ஒரு விழாவைத் தொடங்கியது. நம் ஊரில் 'தி இந்து' நடத்தும் 'லிட் ஃபார் லைஃப்' விழாவும் இந்த வழியில் வந்ததே. தன் பெயரையும் தன் நிருபரையும் மேடையேற்றும் பத்திரிகை, விருந்தினரைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேட்குமா? கேட்டால் அடுத்த ஆண்டு விருந்தினர் வருவாரா? இந்தத் தயக்கம் பல மேடைகளில் பளிச்சென்று தெரியும்.

நேரடி உரையாடலின் எல்லா விபத்துகளையும் பார்த்த மனிதர் ஒருவரைச் சொல்வதானால், பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பெர்னார் பிவோவைச் சொல்லலாம். 1975 முதல் 1990 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் 'அபோஸ்த்ரோஃப்' என்ற இலக்கிய நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் நேரலையாக நடத்தியவர். முதல் ஆண்டிலேயே நாவலாசிரியர் விளாடிமிர் நபகோவ் வந்தார். முன்கூட்டியே கேள்விகள் வேண்டும் என்றார். பதில்களை அட்டைகளில் எழுதி எடுத்துவந்து, புத்தகங்களுக்குப் பின்னால் மறைத்துவைத்துப் படித்தார். பக்கத்தில் ஒரு தேநீர்க் குடுவை. உள்ளே இருந்தது விஸ்கி. இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றட்டுமா என்று பிவோ முகம் மாறாமல் உபசரித்துக்கொண்டிருந்தார். நேரலை என்ற பெயரில் நடந்த அழகான நாடகம் அது. ஆனாலும் பார்க்கத் தகுந்த நாடகம், ஏனென்றால் எழுதிவைத்த பதில்கள் நபகோவுடையவை.

1978 செப்டம்பரில் அதே நிகழ்ச்சிக்கு அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் புகோவ்ஸ்கி வந்தார். இவர் எதையும் மறைக்கவில்லை. ஒயின் பாட்டிலை எல்லோர் கண்ணெதிரிலும் வாயில் வைத்துக் குடித்தார், உளறினார், மற்ற விருந்தினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தள்ளாடி எழுந்து வெளியே போனார். பிவோ நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அவர் பின்னாளில் விருந்தினர்களிடம் கேட்டு வந்த குறுங்கேள்விப் பட்டியலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் லிப்டன். 1994-ல் நடிகர் பால் நியூமனோடு தொடங்கிய 'இன்சைட் தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ' நிகழ்ச்சியின் கடைசியில் அந்தக் கேள்விகள் தவறாமல் வரும். லிப்டன் பத்திரிகையாளர் அல்ல; நடிப்புப் பள்ளியின் தலைவராக இருந்தவர். பார்வையாளர்கள் அவருடைய மாணவர்கள். நீல அட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு விருந்தினரின் பிள்ளைப்பருவத்திலிருந்து வரிசையாகக் கேட்பார். பதிவு பல மணி நேரம் ஓடும்; தொலைக்காட்சிக்குப் போவது அதில் ஒரு துண்டுதான். துதி பாடுகிறார் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவ்வளவு தயாரித்துக்கொண்டு வந்தவரிடம் நடிகர்கள் தொழிலைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள்.

பட விளம்பரத்துக்காக ஓட்டல் அறையில் நிமிடக்கணக்கில் நடக்கும் பேட்டிகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பிரிட்டனின் சேனல் 4 செய்தியாளர் கிருஷ்ணன் குருமூர்த்தி 2013-ல் திரைப்பட இயக்குநர் குவென்டின் டரான்டினோவிடம் திரை வன்முறைக்கும் நிஜ வன்முறைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்; டரான்டினோ சீறினார், பதில் தர மறுத்தார். 2015-ல் நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியரிடம் பழைய போதைப் பழக்கத்தையும் தந்தையையும் பற்றிக் கேட்டபோது, அவர் எழுந்தே போய்விட்டார். அறைக்குள் கதவு பக்கத்தில் இருக்கிறது. தொள்ளாயிரம் பேர் பார்க்கும் மேடையில் எழுந்து போவது சுலபம் அல்ல. அதனால்தான் திறமையான பேட்டியாளர் அங்கே கடினமான கேள்வியைக் கடைசியில், மெதுவாக, விருந்தினர் இளகிய பிறகு வைப்பார். அவசரப்பட்டால் கூட்டம் விருந்தினர் பக்கம் சேர்ந்துவிடும். 2008-ல் ஆஸ்டின் நகரில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்கைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர் சேரா லேசிக்கு அதுதான் நடந்தது. கலை உலகத்துக்கு வெளியே நடந்த நிகழ்ச்சி என்றாலும், கைபேசி வைத்திருக்கும் கூட்டம் கேள்வி கேட்பவரையே விசாரணைக் கூண்டில் ஏற்றிவிடும் என்பது அன்று தெரிந்தது.

யாரை மேடையேற்றுவது என்பதும் சண்டைக்குரிய விஷயமே. 2018-ல் நியூயார்க்கர் விழாவில் டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனனைத் தானே பேட்டி காணப்போவதாக ஆசிரியர் டேவிட் ரெம்னிக் அறிவித்தார். ஜிம் கேரி உள்ளிட்ட நடிகர்கள் அப்படியானால் நாங்கள் வரமாட்டோம் என்றதும், அன்றைக்கே அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 2023 அக்டோபரில் 'ஒய்' மையம் நாவலாசிரியர் வியெட் தான் நுயென் பங்கேற்க இருந்த நிகழ்ச்சியை, அது நடக்க இருந்த நாளிலேயே தள்ளிவைத்தது. இஸ்ரேலைக் கண்டித்த பகிரங்கக் கடிதம் ஒன்றில் அவர் கையெழுத்திட்டிருந்தார். அன்று மாலையே மன்ஹாட்டனின் ஒரு புத்தகக் கடையில், நாவலாசிரியர் மின் ஜின் லீயோடு அவர் பேசினார். மையத்தின் கவிதைப் பிரிவில் பணியாற்றிய சிலர் ராஜினாமா செய்தார்கள்.

சட்டாக்குவாவில் நடந்தது வேறு வகை. 2022 ஆகஸ்ட் 12 அன்று சல்மான் ருஷ்டி அங்கே, நாடிழந்த எழுத்தாளர்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் அமைப்பொன்றை நிறுவிய ஹென்றி ரீஸோடு உரையாட அமர்ந்தார். பேச இருந்த பொருளும் அந்த அடைக்கலம்தான். உரையாடல் தொடங்குவதற்குள் ஒருவன் மேடையில் ஏறிக் கத்தியால் பலமுறை குத்தினான். ருஷ்டி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார், ரீஸும் காயப்பட்டார். விருந்தினருக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை என்பதுதான் இந்த மேடைகளின் கவர்ச்சி. அன்றிலிருந்து பெரிய பெயர்கள் வரும் நிகழ்ச்சிகளில் பைச் சோதனை பலருக்குப் பழகிப்போயிற்று.

பார்வையாளர் கேள்வி நேரம் பேட்டியாளர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "எனக்கு ஒரு கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்குபவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். தன் சொந்தக் கவிதையைப் படிக்க வந்தவரும் இருக்கிறார். அபூர்வமாக முத்தும் கிடைக்கும். லிப்டனின் நிகழ்ச்சிக்கு ராபர்ட் டி நீரோ வந்தபோது, மாணவர் வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து ஒரு படத்தில் அவர் காட்டிய நுணுக்கத்தைப் பற்றிக் கேட்டான். நல்ல கேள்வி என்றார் டி நீரோ. அந்த இளைஞன் பிராட்லி கூப்பர். 2012-ல் 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' படத்தில் டி நீரோவுக்கு மகனாக நடித்தார்.

அப்படிப்பட்ட கேள்விக்காகக் காத்திருக்கப் பல அரங்குகளுக்குப் பொறுமை இல்லை. கேள்விகளை அட்டையில் எழுதி வாங்கி, பொறுக்கிப் படிக்கிறார்கள். அட்டை வேண்டாம் என்று நினைக்கும் இடங்களில் ஊழியர் மைக்கோடு வரிசைக்கு வருவார். கேட்பவர் கையில் கொடுக்கமாட்டார், கேள்வி முடியும்வரை தானே இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்.