கொதிக்க வைத்தாலும் போகாத விஷம்

எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் கீரைக்கார ஆயா வருவார். அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் தளதளவென்று இருக்கும். பதினைந்து வருஷப் பழக்கம். இரண்டு மாதம் முன்பு பேச்சுவாக்கில், "எங்கே ஆயா இவ்வளவு செழிப்பா வளருது?" என்று கேட்டு வைத்தேன். "நம்ம திருமணிமுத்தாத்தங்கரையிலதான் கண்ணு" என்றார். கையிலெடுத்த கட்டைத் திருப்பி வைக்கவும் மனசில்லை, சமைக்கவும் மனசில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, உத்தமசோழபுரம் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்ட வயல்களைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. பெயரிலே முத்து இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் பாலத்தடியில் சோப்பு நுரை மாதிரி மலைமலையாய்ப் பொங்குகிறது. ஊர்ச் சாக்கடையோடு சாயக்கழிவும் சேர்ந்த கோலம் அது.

நாற்றம் வேறு, விஷம் வேறு

ஜவ்வரிசி ஆலைக் கழிவு மூக்கைத் துளைக்கும். அது மாவுப் பண்டம். அழுகி, தண்ணியிலுள்ள பிராணவாயுவைத் தின்று, மீன்களைக் கொல்லும். என்றாலும் நாளடைவில் மக்கிவிடும்.

உலோகம் அப்படியில்லை. சில சாயங்களில் செம்பும் குரோமியமும் உண்டு. கொலுசுப் பட்டறையில் வெள்ளியை அமிலத்தில் கழுவினால் செம்பு கரைந்து வரும். முலாம் பூசும் இடத்தில் நிக்கல்; பழைய பேட்டரியை உருக்கும் இடத்தில் ஈயம். தண்ணியில் கொஞ்சமாய்க் கலந்திருந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. மக்குவதும் கிடையாது. ஆற்றுச் சேற்றில் படிந்து கிடந்து, தண்ணி இறைக்கும்போது வயலுக்கு வந்துவிடும்.

ஜப்பானில் ஜின்சு என்று ஓர் ஆறு. மேலே இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் கலந்த கழிவு அதில் இறங்கியது. அந்தத் தண்ணியில் விளைந்த அரிசியைப் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள்! வலி தாங்காமல் அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று கதறியதே நோய்க்குப் பெயராகிவிட்டது. "வலிக்குதே, வலிக்குதே" என்று அர்த்தமாம். 1968-ல்தான் அந்நாட்டு அரசாங்கம், காரணம் கழிவுதான் என்று ஒப்புக்கொண்டது.

அடுப்படியில் கவனிக்க

தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணி சுண்டினால் அதன் அளவு கூடத்தான் செய்யும். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். கீரையை மூன்று தண்ணியில் அலசினால் மண் போகும். வேர் உறிஞ்சியது போகாது. ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அது கழித்து விடும் தண்ணியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

குடிதண்ணியில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேலும், காட்மியம் 0.003-க்கு மேலும் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கக் கொடுக்கும்போது, "உலோகமும் பார்க்கணும்" என்று தனியாகக் கேளுங்கள். சாதாரணச் சோதனையில் அது வராது.

இன்னொன்று. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாய் உறிஞ்சும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் தவறாமல் கொடுங்கள். இது விஷத்துக்கு மருந்தல்ல. உடம்புக்கு ஒரு வேலி.

ஆயா கேட்ட கேள்வி

மனசு கேட்காமல் ஒருநாள் ஆயாவிடமே விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீ வாங்காட்டிப் போ கண்ணு. நான் வேற எந்தத் தண்ணியக் கொண்டாந்து ஊத்தறது? ஆத்துல விட்டவனப் போய்க் கேளு" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் பெண் காலில் கொலுசு, என் பீரோவில் சாயப்புடவை. விட்டவர்களில் நானும் ஒரு பங்குதானே?

கேட்டால் நடக்காமலில்லை. நொய்யல் பாசன விவசாயிகள் விடாமல் வழக்காடியதில், 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. நுரையோ சாயமோ கண்ணில் பட்டால், நாள், நேரம், இடம் குறித்து, போட்டோவுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஆயாவின் கிணற்றுத் தண்ணியையும் தோட்டத்துக் கீரையையும் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை ஆயா, தங்கச்சி காட்டு மானாவாரி முருங்கைக்கீரை கொண்டு வருகிறார். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறோம்.