அலாரம் அடிக்க வேண்டியது யாருடைய போனில்?

'நிற்க நேரமில்லாமல் வேலை பார்க்கிறேன். ஆனாலும் உடம்பு கூடிக்கொண்டே போகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். மறதி நோய் வந்த மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு எங்கே போய் நடப்பது? இதற்கு போனில் ஏதாவது ஆப் இருக்கிறதா?'

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் நம் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கேள்வி இது. நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற சங்கதியாகத் தெரியவில்லை. அதனால் அவரிடமே பேசினோம்.

இரண்டு ஏக்கரில் முருங்கையும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பம். முன்பெல்லாம் விடிந்ததும் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். களை எடுப்பு, காய் பறிப்பு, மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமந்து வருவது என்று பொழுது போகும். ஒருநாள் மதியம் மாமியார் யாருக்கும் தெரியாமல் படலைத் திறந்துகொண்டு கிணற்றுப் பக்கம் போய் நின்றிருக்கிறார். அன்றிலிருந்து மருமகளின் காலடி வாசலைத் தாண்டவில்லை. 'வேலை குறையலைங்க. நடைதான் நின்னுபோச்சு' என்றார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்வது என எல்லாமே நாலு சுவருக்குள். உடம்பு களைக்கிறது, ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை இல்லை.

இந்த நிலையில் இருப்பது அவர் மட்டுமல்ல. நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது மருமகளோ, மகளோ, மனைவியோதான். அதற்குச் சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

சரி, போன் என்ன செய்யும்? முதலில், உண்மையைக் காட்டும். இன்றைக்கு வரும் ஸ்மார்ட் போன்கள் பெரும்பாலானவற்றில் அசைவை உணரும் கருவி உள்ளேயே இருக்கிறது. சாம்சங் போன் என்றால் 'சாம்சங் ஹெல்த்' இருக்கும். மத்திய அரசின் 'ஃபிட் இந்தியா' ஆப் 2021-ல் வந்தது. அதிலும் காலடி எண்ணும் வசதி உண்டு. எண்ணுவதற்கு நெட் தேவையில்லை. உடல் அசைவுக்கான அனுமதி கேட்டால் கொடுங்கள். தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் கேட்டால் கொடுக்க வேண்டாம். காலடி எண்ண அவை எதற்கு?

ஒரு சிக்கல். போன் உடம்போடு இருந்தால்தான் எண்ணும். அடுப்படி அலமாரியில் கிடந்தால் எண்ணாது. சேலையில் ஏது பாக்கெட்? நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை இதற்குப் பொருத்தம். வாசகியும் அப்படித்தான் மூன்று நாள் செருகிப் பார்த்தார். ஒருநாள்கூட இரண்டாயிரம் காலடியைத் தாண்டவில்லை. 'காட்டுக்குப் போய் வந்தாலே இதைவிட அதிகம் இருக்குமே' என்று அவருக்கே ஆச்சரியம்.

உடனே பத்தாயிரத்துக்குத் தாவ வேண்டாம். அந்த எண், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. உங்கள் எண் இரண்டாயிரம் என்றால், அடுத்த வாரம் இரண்டாயிரத்து ஐநூறு. அது பழகியதும் இன்னொரு ஐநூறு. ஆப்பில் இலக்கை நாமே மாற்றிவைக்கலாம். 'இன்று இலக்கை எட்டவில்லை' என்று ராத்திரியில் வரும் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு முறை தூக்கம் கெட்டு எழுந்தவரிடம் போனும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான வேகம். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2020-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அஞ்சு நிமிடம், மூன்று நிமிடம் என்று சேர்த்தாலும் கணக்கில் வரும். மாமியார் காபி குடிக்கும் நேரத்தில், அவர் கண்ணில் படும்படி வாசலில் வேகமாகப் போய்த் திரும்பலாம். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். பெரியவரைத் தாங்கிப் பிடிக்கத் தொடை பலம்தான் முக்கியம். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் மறதி நோய் உள்ள பலருக்குப் படபடப்பு கூடும். 'வீட்டுக்குப் போகணும்' என்று சொந்த வீட்டிலேயே நின்று கேட்பார்கள். அதற்கு முன்பே, வெயில் தாழ்ந்ததும் கையைப் பிடித்து வரப்பு வரை மெல்ல நடத்திக் கூட்டி வந்தால் சிலருக்கு அமைதி கிடைக்கிறது. அது அவருக்கு நல்ல நடை. உங்களுக்கு அந்த வேகம் போதாது என்பதை மறக்க வேண்டாம்.

இனி முக்கியமான இடம். வாசகி தன் போனில் காலை ஐந்தரைக்கு நடைக்கு அலாரம் வைத்தார். ஒரு வாரம் அடித்தது. ஒருநாளும் போக முடியவில்லை. அந்த நேரத்தில்தான் மாமியார் எழுந்திருப்பார். ஆப் நினைவூட்டும், எண்ணும். கிழவியின் பக்கத்தில் உட்காராது. ஆகவே கணவரிடம் பேசினோம். 'பால் ஊத்திட்டு வந்தா ஆறரை மணி. அதுக்கப்புறம் அரை மணி நேரம் சும்மாதாங்க இருப்பேன்' என்றார் தயங்கியபடி. அலாரத்தை அவர் போனுக்கு மாற்றச் சொன்னோம், ஆறரைக்கு. அடித்ததும் அவர் அம்மா பக்கத்தில் போய் உட்கார வேண்டும். திருப்பூரில் இருக்கும் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை முறையை ஏற்றுக்கொண்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பூ படமும் காலை வணக்கமும் வரும் இடத்தில், இப்போது யார் முறை என்பதும் வருகிறது.

போன வாரம் பேசியபோது வாரத்தில் நாலு நாள் நடப்பதாகச் சொன்னார். மீதி மூன்று நாள்? 'அவருக்கு அலாரம் கேக்கலையாம்' என்று சிரித்தார்.

தூக்கி உட்காரவைப்பதில் இடுப்பு பிடித்துக்கொண்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் பணியாளரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அத்திட்டத்தில் உண்டு. முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் தாங்குவது எப்படி என்று கேட்டுப் பழகலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 மணி வரை. மனசு தாளாமல் போகும் நேரத்தில் பேச 14416, நாள் முழுவதும். இரண்டும் கட்டணமில்லாத எண்கள். தமிழிலேயே பேசலாம்.